பார் இல்லாத மிதிவண்டி

வரலாறு என்றதும் நம் மாணவர்களின் நினைவில் எழுவன கோட்டைகளும் கொடிமரங்களும் போர்களுமே. வீட்டின் பின்புறம், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் துருவேறிக் கிடக்கும் மிதிவண்டி ஒன்றை எவரும் வரலாற்றுச் சான்றாகக் கருதுவதில்லை. நானும் கருதியவன் அல்லன். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்த என் அத்தையின் வண்டியைச் செப்பனிட முனைந்த பிறகே, அந்த இரும்புக்குள் எத்தனை செய்திகள் அடங்கிக் கிடக்கின்றன என்பது விளங்கிற்று.

அது பெண்களுக்கென அமைந்த வண்டி. ஆண்கள் வண்டியில் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே கிடக்கும் பார் இதில் இல்லை. அதற்குப் பதிலாக இரு குழாய்கள் தாழ்ந்து இறங்குகின்றன. காலைத் தூக்கிப் பின்புறமாக வீச வேண்டியதில்லை. வாயிற்படியைக் கடப்பதுபோல் நடுவே காலை வைத்து ஏறலாம். இந்த எளிய மாற்றம் ஏதோ பிற்காலத்தில் தோன்றிய சலுகை என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. கார்ல் வான் டிரைஸ் என்னும் ஜெர்மானியர், மிதிகட்டை இல்லாமல் காலால் உந்திச் செல்லும் மரவண்டியை 1817இல் ஓட்டிக் காட்டினார். இரண்டே ஆண்டுகளில், 1819இல், இலண்டன் வண்டித் தச்சர் டெனிஸ் ஜான்சன் நீண்ட பாவாடை அணிந்த பெண்களுக்காக நடுப்பகுதி தாழ்ந்த வண்டியைச் செய்துவிட்டார். மிதிகட்டை பிறப்பதற்கு முன்பே பெண்கள் வண்டி பிறந்துவிட்டது!

அதற்குப் பின்னர் வந்த உயரச் சக்கர வண்டிகள் பெண்களை ஒதுக்கியே வைத்தன. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கவெண்ட்ரி நகரில் செய்த 'ரோவர்' வண்டி, ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களையும் பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியையும் கொண்டு இன்றைய உருவத்தை நிலைநாட்டிற்று. 1888இல் பெல்பாஸ்டில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அதே 1888ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்க ஹென்றி ரிட்லி வந்திறங்கினார். ரப்பர் மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டு, தோட்ட முதலாளிகளை ரப்பர் பயிரிடுமாறு சளைக்காமல் வற்புறுத்தியவர் அவர். இந்த ஒற்றுமை தற்செயலே. மலாயாவின் பால் பெருகிய காலத்தில் அதை விழுங்கியது பெரும்பாலும் மோட்டார் வண்டியே. எனினும் நம் பாட்டன் பாட்டிமார் வைகறையில் வெட்டிய பாலில் ஒரு பங்கு மிதிவண்டி டயராகவும் உருண்டது என்பதை மறுப்பதற்கில்லை.

பாரை எடுத்துவிட்டால் வண்டி பலவீனப்படும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆண்கள் வண்டியின் சட்டம் இரு முக்கோணங்களால் ஆனது. முக்கோணம் எளிதில் வளையாது. பெண்கள் வண்டியின் முன்பகுதியில் முக்கோணம் முழுமை பெறுவதில்லை. ஆகவே சட்டம் முறுகும். அதைத் தடுக்கக் கனமான குழாய்களை இட்டனர். சங்கிலியுறை, பாவாடைக் காப்பு என மேலும் சுமை ஏற்றினர். 1894இல் பாஸ்டனிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட ஆனி லண்டன்டெரி என்னும் பெண்மணி, 42 பவுண்டு எடையுள்ள பெண்கள் வண்டியில் சிக்காகோ வரை சென்று சலித்து, அதில் பாதி எடையே கொண்ட ஆண்கள் வண்டிக்கு மாறினார். அதற்கேற்ப உடையையும் மாற்றிக்கொண்டார். பெருவழியைக் கப்பலிலேயே கடந்த அவர் கொழும்பையும் சிங்கப்பூரையும் தொட்டுச் சென்றார் என்பது நமக்குச் சுவையான செய்தி.

எனவே பாரில்லா வண்டியை வெறும் விடுதலைச் சின்னமாகப் போற்றுவோரிடம் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அது உடைக்கு அடங்கிய வண்டி. ஆனால் அந்த உடையோடு வெளியே போக வழி செய்த வண்டி. ஆங்கிலப் பெண்ணின் பாவாடைக்காக வகுக்கப்பட்ட சட்டம், கடல் கடந்து வந்து நம் ஆசிரியையின் புடவைக்கும் பொருந்திற்று.

இனி வண்டிக்கு வருகிறேன். அத்தையின் வண்டிக்கு உதிரிகள் வேண்டியிருந்தமையால் இன்னொரு பழைய வண்டியையும் தேடினேன். பழம்பொருள் சேர்ப்போர் பார் வைத்த வண்டியையே விரும்புகின்றனர். ஆகையால் பெண்கள் வண்டி மலிவு. 90 வெள்ளிக்கு ஒன்று கிடைத்தது. வாங்க விழையும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: பளபளப்பைப் பாராதீர்கள், சட்டத்தைப் பாருங்கள். கைப்பிடித் தண்டு நுழையும் தலைக்குழாயின் பின்புறம், கீழ்க்குழாய்கள் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பூச்சு சுருக்கம் விழுந்திருந்தால் வண்டி எங்கோ முட்டிச் சட்டம் வளைந்திருக்கிறது என்று பொருள். இருக்கைத் தண்டும் கைப்பிடியும் அசைகின்றனவா என்றும் பாருங்கள். துருவால் ஒட்டிப்போன தண்டைப் பிடுங்குவது எளிதன்று. கம்பி பிரேக் வண்டியாயின் கம்பிகளும் முடுக்குகளும் முழுமையாக இருத்தல் வேண்டும். அவை இல்லாத வண்டி இலவசமாகக் கிடைத்தாலும் விலை அதிகமே.

டயர் விஷயத்தில் நான் ஏமாந்தேன். 26 அங்குலம் என்று கேட்டு வாங்கி வந்தது ரிம்மில் ஏறவில்லை. இன்றைய மலைவண்டி டயரின் உள்விட்டம் 559 மில்லிமீட்டர். பழைய ஆங்கில வண்டியின் 26 அங்குலத்துக்கோ 590 மில்லிமீட்டர். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. இலக்கணம் கற்பிப்பவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா என்று கடைக்காரர் சிரித்தார்.

கிராங்கைக் கழற்றுவதே கடினமான வேலை. அதைப் பிணைத்திருக்கும் ஆப்பு போன்ற காட்டர் பின் மென்மையான எஃகால் ஆனது. வெறுமனே சுத்தியால் அடித்தால் மடங்கிவிடும். கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் ஒன்றைத் தரைவரை முட்டுக்கொடுத்து, நட்டைத் திருகின் முனைமட்டம் வரை தளர்த்தி, ஒரே உறுதியான அடி கொடுக்க வேண்டும். பத்துச் சிறு அடிகளைவிட ஒரு பேரடி மேல். பால்ரஸ்களை மண்ணெண்ணெயில் கழுவிப் புது மசகு இட்டேன். குரோமியப் பூச்சில் படிந்த துருவை, தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தேன், பெரும்பகுதி நீங்கிற்று. கறுப்பு வண்ணத்தை மட்டும் நான் தொடவில்லை. புதுச்சாயம் அடிக்குமாறு பலரும் கூறினர். இருக்கைக்குக் கீழே, புத்தகப் பை பல ஆண்டுகள் உரசித் தேய்த்த தழும்பு ஒன்று இருந்தது. அதை மூட எனக்கு மனம் வரவில்லை.

பின்சக்கரத்தின் நடுவே ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று வேகக் கியர் இருந்தது. 1902 முதல் நாட்டிங்காம் நகரில் இயங்கிய நிறுவனம் அது. அக்கியரின் எண்ணெய்த் துளைவழி மெல்லிய இயந்திர எண்ணெய் சில துளிகள் விட்டதும், நெடுநாள் உறக்கம் கலைந்ததுபோல் 'டிக் டிக்' என்று ஒலித்தது. சமையல் எண்ணெய் விட்டுவிடாதீர்கள், பிசினாகிவிடும். அதன் உடலைத் துடைத்தபோது பொறிக்கப்பட்ட எண்கள் தெரிந்தன: 58, அதையடுத்து 4. அந்நிறுவனம் செய்த ஆண்டையும் மாதத்தையும் கியரிலேயே பொறிப்பது வழக்கம். அதாவது 1958, ஏப்ரல்.

நான் திகைத்தேன். எங்கள் குடும்பத்தில் அனைவரும் சொல்லிவந்த கதை வேறு. 1954இல் திருமணமானபோது மாமா அத்தைக்கு வாங்கிக் கொடுத்த வண்டி அது என்பார்கள். என் தந்தையார் அதைச் சொல்லும்போதெல்லாம் மாமாவின் பெருந்தன்மையைப் புகழ்வார்.

ஒரு சக்கரத்தை வைத்து வண்டியின் வயதைக் கூறலாகாது. பின்சக்கரம் மட்டும் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கக் கூடும். ஆகவே இரு ரிம்களையும் ஒப்பிட்டேன். ஒரே வகை; ஒரே அளவு தேய்மானம்; கியர்க் கம்பியைத் தாங்கும் பட்டைகள் சட்டத்தின் பழைய வண்ணத்தின்மேல் ஆழப் பதிந்திருந்தன. சான்றுகள் கதைக்கு எதிராகவே நின்றன. ஆனால் உயிருள்ள சான்று ஒன்று இருக்க, இரும்பிடம் ஏன் வாதாட வேண்டும்?

தொண்ணூற்றொரு வயதான அத்தை இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். வண்டியைக் கொண்டுபோய் முற்றத்தில் நிறுத்தினேன். நாற்காலியில் அமர்ந்தபடியே கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது மாமா வாங்கித் தந்ததுதானே, அத்தை?"

"உங்க மாமா வாங்கித் தந்தது பார் வச்ச வண்டிப்பா. ஆசையாத்தான் வாங்கினாரு. புடவையோட அதுல எப்படி ஏறுறது? நாலு வருஷம் அதை அவரே ஓட்டினாரு, நான் நடந்தேன். வேலை நிரந்தரமானதும் என் சம்பளத்துல தவணை கட்டி இதை வாங்கினேன்."

"அப்பா வேறு மாதிரியல்லவா சொல்வார்?"

"உங்க அப்பாவுக்கு அப்படிச் சொல்றதுல ஒரு சந்தோஷம். நான் ஏன் கெடுக்கணும்?" என்றவர், மணியை இருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, பின்டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்றார்.