அந்த எலி என்ன ஆச்சு சார்?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்தியின் பூனைக்கு மூச்சு முட்டியது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி, மருந்து எல்லாவற்றுக்கும் முன்னால், அதை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு பழைய வகுப்பறை நினைவுக்கு வந்தது.

பிரீஸ்ட்லி சோதனை நம் எல்லோருக்கும் தெரியும். மூடிய ஜாடிக்குள் மெழுகுவர்த்தி அணையும். எலி மூச்சுத் திணறும். புதினாச் செடி இருந்தால் பிழைக்கும். படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வேன். ஒரு நாள் ஒரு மாணவி எழுந்து, "அந்த எலி என்ன ஆச்சு சார்?" என்றாள். "பரீட்சையில அதக் கேக்க மாட்டாங்க, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். ஜோசப் பிரீஸ்ட்லி 1774 ஆகஸ்ட் 1 அன்று, பெரிய லென்ஸால் சூரிய ஒளியைக் குவித்துப் பாதரசத்தின் சிவப்பு ஆக்ஸைடைச் சூடாக்கினார். அதிலிருந்து வந்த வாயுவில் மெழுகுவர்த்தி பிரகாசமாக எரிந்தது. 1775 மார்ச் 8 அன்று அதற்குள் ஒரு எலியை விட்டார். அதே அளவு சாதாரணக் காற்றில் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது அவர் கணக்கு. இதில் அரை மணி நேரம் இருந்தது. வெளியே எடுத்தபோது செத்ததுபோல் கிடந்தது. நெருப்பருகே பிடித்துச் சூடு காட்டியதும் எழுந்துவிட்டது. குளிரில் விறைத்துப் போயிருந்ததாம். அதன் பிறகே அவர் தாமும் அந்த வாயுவைச் சுவாசித்துப் பார்த்தார். அதற்குத்தான் லவாய்சியே ஆக்ஸிஜன் என்று பெயர் வைத்தார்.

ஆக, அந்த எலி பிழைத்தது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் காற்றைப் பற்றிய சோதனைகளில் பிழைக்காத எலிகளும் பறவைகளும் ஏராளம்.

அடுத்தது நிலக்கரிச் சுரங்கம். 1896இல் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் சுரங்க வெடிப்பில் 57 பேர் இறந்தார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற மருத்துவ அறிஞர் உடல்களை ஆராய்ந்தார். பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பு அல்ல, கார்பன் மோனாக்சைடு என்று கண்டார். நிறமும் மணமும் இல்லாத வாயு அது. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். மனிதனுக்குத் தெரியுமுன் சின்ன உயிருக்குத் தெரிந்துவிடும் என்பதால், எலியையோ சிறு பறவையையோ உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கேனரி குருவி அப்படித்தான் சுரங்கத்துக்குள் போனது. பறவை மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அதன் நுரையீரல் வழியே புதுக் காற்று ஓடும். அதனால் நஞ்சும் சீக்கிரம் ஏறும்.

குருவி செத்து விழும், மனிதன் தப்பிப்பான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு கூண்டு இருக்கிறது. சீப் கார்மன் நிறுவனம் செய்தது. முன்பக்கம் வட்டக் கதவு. மேலே கைப்பிடிபோல ஒரு சிறிய ஆக்ஸிஜன் சிலிண்டர். குருவி தள்ளாடியதும் கதவைச் சாத்தி வால்வைத் திறப்பார்கள். ஆக்ஸிஜன் நிறைந்ததும், ரத்தத்திலிருந்து நச்சு வாயு மெல்ல விலகும்; குருவி எழுந்துகொள்ளும். தானே தப்பி ஓட வேண்டிய நேரத்தில், அந்தத் தொழிலாளி நின்று ஒரு குருவிக்கு மூச்சுக் கொடுத்திருக்கிறான்! மின்கருவிகள் வந்த பிறகு, 1986இல்தான் பிரிட்டன் கேனரிகளுக்கு விடைகொடுத்தது.

நான் பார்த்த பெட்டிக்கும் அந்தக் கூண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. முகமூடியை வைத்து அழுத்தினால் பூனை பயந்து திமிறும். மூச்சு இன்னும் மோசமாகும். பெட்டியில் விட்டால் தானே அமைதியாகும். அதன் பிறகுதான் பரிசோதனை.

ஒன்று நினைவில் வையுங்கள். நாய் வாயைத் திறந்து இரைப்பது இயல்பு. பூனை அப்படிச் செய்தால் ஆபத்து. ஈறு நீலம் பாய்ந்தாலும், கழுத்தை நீட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாலும் காத்திருக்காதீர்கள். இறுக்கிப் பிடிக்காமல் உடனே கொண்டுபோங்கள்.

எங்கள் பூனை வீடு திரும்பிவிட்டது.

அந்த மாணவிக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்காவது இதைப் படித்தால், அம்மா, நீ கேட்டதுதான் சரியான கேள்வி. அன்று உட்காரச் சொன்னதற்கு மன்னித்துவிடு.