வெறிநாய்க்கடி ஊசியும் நரம்பைத் தாக்கும் வெள்ளணுவும்

1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜோசப் மெய்ஸ்டர் என்னும் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடி மருந்து செலுத்தச் செய்ததை வாசகர்கள் அறிவர். அம்மருந்து, நோயுற்ற முயலின் முதுகுத்தண்டை உலர்த்தி ஆக்கப்பட்டது. பல உயிர்களைக் காத்த அவ்வூசி, போட்டுக்கொண்டோருள் ஒரு சிலரை முடக்கியும் விட்டது. கைகால் விளங்காமற் போயின, சிலர் மாண்டனர். வெறிநோய்க் கிருமியே காரணம் என்றனர் ஒரு சாரார்; மருந்திலுள்ள நரம்புப் பொருளே காரணம் என்றனர் மற்றொரு சாரார்.

இவ்வழக்கை ஆராய முனைந்தவர் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்து டாக்டர் தாமஸ் ரிவர்ஸ். நோயற்ற முயல்களின் மூளையைக் கரைத்து, அவர் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். 1935-இல் வெளியான முடிவின்படி, எட்டுக் குரங்குகளில் ஏழின் மூளையில் அழற்சி கண்டது. மின்கம்பிக்கு ரப்பர் உறை போல நரம்பிழையைப் போர்த்திருக்கும் மயலின் என்னும் கொழுப்புறை ஆங்காங்கே சிதைந்திருந்தது. கிருமி இல்லாமலே உடல் தன் நரம்பைத் தானே பகைத்துக்கொண்டது!

இவ்வளவு தெரிந்த பின்னும், டேவிட் செம்பிள் 1911-இல் கசௌலியில் வகுத்த முறைப்படி ஆட்டு மூளையில் ஆக்கிய ஊசி இந்தியாவில் நீங்கவில்லை. வயிற்றில் பதினான்கு ஊசி என்று மக்கள் அஞ்சியது இதனைத்தான். 2004 இறுதியில்தான் அதன் உற்பத்தி நின்றது. மாற்று ஊசியின் விலை உயர்வே தாமதத்துக்குப் பெருங்காரணம். ஆபத்தைச் சுமந்தவர்கள் ஏழைகள்.

சரி, நரம்புறையைச் சிதைப்பது எது? இரத்த நீரிலுள்ள எதிர்ப்பொருள் என்றே பலர் ஐயுற்றனர். ஆனால் அந்நீரை மாற்றிச் செலுத்தியபோது நோய் தொற்றவில்லை. 1960-இல் பிலிப் பேட்டர்சன், நோயுற்ற எலிகளின் நிணநீர்க் கணுக்களிலிருந்து அணுக்களை எடுத்து வேறு எலிகளுக்குச் செலுத்தினார். நோயும் உடன் சென்றது. 1981-இல் பென்-நுன், வெக்கர்லே, கோஹன் ஆகிய மூவர், மயலினிலுள்ள ஒரே புரதத்தைத் தாக்கும் டி வெள்ளணுக்களைத் தனியே வளர்த்து, நல்ல எலிகளுக்குச் செலுத்தி நோயை உண்டாக்கினர்.

1868-இல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ விரிவாக வருணித்த மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்னும் நோயிலும் மயலின் உறையே சிதைகிறது. அதற்கும் டி அணுவே முழுமுதற் குற்றவாளி என்று நெடுங்காலம் எண்ணினர். எலி மனிதனன்று என்பதை மறந்தனர் போலும். பி வெள்ளணுக்களை ஒழிக்கும் ஒக்ரெலிசுமாப் என்னும் மருந்து அந்நோயைத் தணிப்பது கண்டு, 2017-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. பி அணு எதிர்ப்பொருள் ஆக்குவதோடு நில்லாமல், தாக்க வேண்டிய பொருளை டி அணுவுக்குக் காட்டிக்கொடுக்கும் வேலையையும் செய்கிறது.