சாபம் விற்ற கதை

நடுவர் அவர்களே! மனிதனை ஆட்டிப் படைப்பது ஆசையா, அச்சமா என்பதுதான் தலைப்பு. எதிரணித் தோழர் ஒரு போடு போட்டார் பாருங்க. "துட்டன்காமன் கல்லறையைத் தொட்டவன் எவனும் பிழைக்கலை. மூவாயிரம் வருஷத்துச் சாபம்! அச்சம்தாங்க ஆளுது" என்றார். அரங்கமே கப்சிப்! நானும் உங்களை அதே கல்லறைக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போகப் போறேன். ஆனா, ஆசையைக் காட்ட!

1922 நவம்பர் 4. நைல் நதிக்கு மேற்கே, அரசர்களின் பள்ளத்தாக்கு. ஹோவர்டு கார்ட்டரின் வேலையாட்கள் மண்ணுக்கடியில் ஒரு படியைக் கண்டார்கள். செலவுக்குப் பணம் போட்டவர் கார்னர்வான் பிரபு. அடுத்த ஏப்ரல் 5-ஆம் தேதி அவர் கெய்ரோவில் இறந்துபோனார். கொசு கடிச்ச இடத்தில் சவரக்கத்தி பட்டுச்சு. புண் சீழ் பிடிச்சு, இரத்தம் நஞ்சாகி, நிமோனியாவும் சேர்ந்தது. பென்சிலின் கண்டுபிடிக்கவே இன்னும் 5 வருஷம் இருந்தது. அவர் ஏற்கனவே கார் விபத்தில் அடிபட்ட நோஞ்சான் மனிதர். குளிர்காலத்தில் எகிப்துக்கு வர ஆரம்பிச்சதே உடம்பைத் தேற்றத்தான்!

சரி, சாபம் எங்கேயிருந்து வந்தது? அந்தக் கல்லறையில் அப்படி ஒரு சாப வாசகமே கிடையாதுங்க. ஆனா, இறப்பதற்குச் சில மாதம் முன்னாடி பிரபு ஒரு காரியம் செய்தார். கல்லறைச் செய்தி முழுக்க லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு மட்டும்தான் என்று 5000 பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டுட்டார். எகிப்துப் பத்திரிகைக்காரன் நிலையை நினைச்சுப் பாருங்க. 1922 பிப்ரவரியில்தான் அவன் நாட்டுக்குப் பேருக்காவது ஒரு சுதந்திரம் வந்திருக்கு. அவன் மண், அவன் மன்னன். செய்தி மட்டும் லண்டன் வழியா வரணும்! மற்ற நாட்டு நிருபர்களும் வெயிலில் வெளியேதான் நின்னாங்க. பக்கத்தை நிரப்பணுமே, என்ன செய்வாங்க? பிரபு கண்ணை மூடினார். சாபம் கண்ணைத் திறந்தது. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலே ஏதோ தீய சக்தி வேலையா இருக்கலாம்னு சொன்னார். அப்புறம் கேட்கணுமா, விற்பனை சூடு பிடிச்சது!

தொட்டவன் எவனும் பிழைக்கலையா? கார்ட்டர் 10 வருஷம் அங்கேயே கிடந்து வேலை பார்த்தார். 1939-ல், 64 வயதில்தான் இறந்தார். முதலில் உள்ளே போனவர்களில் ஒருத்தி பிரபுவின் மகள் ஈவ்லின். அந்த அம்மா 1980 வரைக்கும் இருந்தாங்க! 1925-ல் மம்மியையே அறுத்துச் சோதிச்ச டாக்டர் டெரி 80-ஐத் தாண்டி வாழ்ந்தார். (கைதட்டல்) 2002-ல் ஒரு மருத்துவ இதழில் கணக்கே போட்டுட்டாங்க. சாபத்துக்கு ஆளானதாச் சொல்லப்படும் 25 பேர் சராசரியாக 70 வயசு வாழ்ந்திருக்காங்க. நம்மில் எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?

இன்னொன்று. அந்தக் கல்லறைக்குள் முதலில் நுழைந்தது கார்ட்டர் இல்லை. மன்னனைப் புதைச்ச கொஞ்ச காலத்திலேயே திருடர்கள் இரண்டு தடவை புகுந்துட்டாங்க. யார் அவங்க? அதே ஊர்க்காரங்க, அதே தெய்வங்களைக் கும்பிட்டவங்க! சாபத்துக்குப் பயப்படணும்னா அவங்கதானே முதலில் பயந்திருக்கணும்? துணியில் முடிச்சுப் போட்ட தங்க மோதிரங்களை விட்டுட்டுப் போயிருக்காங்க. அதை அவிழ்த்துப் பார்த்தவர் கார்ட்டர். அவங்க பயந்து ஓடினது காவல்காரனுக்காகத்தான் இருக்கும், சாபத்துக்காக இல்லை!

நடுவர் மணியில் கை வைக்கிறார், முடிச்சுக்கிறேன். இந்தச் சாபக் கூச்சலில் அந்தப் பையன் காணாமலே போயிட்டான். ஆமாங்க, பையன்தான். சாகும்போது ஏறக்குறைய 19 வயசு. 5000-க்கும் மேற்பட்ட பொருள்கள், 110 கிலோ தங்கத்தில் ஒரு பெட்டி, எல்லாம் சொல்றாங்க. அதே கல்லறையில் ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு குட்டிச் சவப்பெட்டிகள் இருந்தன. உள்ளே உயிரோடு பிறக்காத இரண்டு பெண் சிசுக்கள். அவனுடைய மகள்களாகத்தான் இருக்கும் என்கிறார்கள். பிள்ளைகளைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்திருந்த ஒரு தகப்பனைத்தான் இவ்வளவு காலமா நாம பூச்சாண்டியாக்கி வச்சிருக்கோம்.