சொகுசுப் படகில் வந்து கடற்கரைக் கிளப்பில் விருந்து: பாம்பெலோன் கடற்கரையின் வரலாறும் விதிமுறைகளும்

மத்தியதரைக் கடலில் சொகுசுப் படகை வாடகைக்கு எடுத்து விடுமுறையைக் கழிப்போரின் பயணத் திட்டத்தில், கரையோர ‘பீச் கிளப்’ ஒன்றில் நண்பகல் விருந்துக்கு ஏறத்தாழ நிலையான இடம் உண்டு. படகு கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் சிறு துணைப் படகில் கரை சேர்ந்து, உணவருந்தி, சாய்வுப் படுக்கைகளில் ஓய்வெடுத்து, மாலையில் திரும்புவர். பிரான்சின் தென்கிழக்கில், செயின்ட் ட்ரோபே நகரை அடுத்துள்ள பாம்பெலோன் கடற்கரை இவ்வழக்கத்துக்கு உலகப் புகழ் பெற்றது.

கரையிலுள்ள மணல் யாருக்கு உரியது, கடலில் நங்கூரம் எங்கே விழலாம் ஆகிய இரு கேள்விகள் அங்கு நீண்ட காலமாக எழுந்து வந்தன. கடந்த 20 ஆண்டுகளில் இரண்டுக்கும் கடுமையான விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. இத்தகைய பயணத்தை மேற்கொள்வோர் அறிந்திருக்க வேண்டிய விவரங்கள் வருமாறு.

புகழ் வந்த வரலாறு

பாம்பெலோன், வார் மாவட்டத்தின் ரமத்துயேல் ஊராட்சிக்கு உட்பட்டது. சுமார் 5 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கடற்கரை கிழக்கு நோக்கி அமைந்துள்ளது. இரண்டாம் உலகப் போரில், 1944 ஆகஸ்ட் 15 அன்று நேச நாட்டுப் படைகள் தென் பிரான்சில் தரையிறங்கியபோது, அமெரிக்க வீரர்கள் வந்திறங்கிய கடற்கரைகளுள் இதுவும் ஒன்று.

போருக்குப் பின் மீனவர்களும் முகாமிட்டுத் தங்குவோரும் மட்டுமே வந்துசென்ற இடமாக இது இருந்தது. பின்னர் இயக்குநர் ரோஜர் வாதிம், நடிகை பிரிஜித் பார்டோவை நாயகியாகக் கொண்டு இப்பகுதியில் திரைப்படம் எடுத்தார். அப்போது கரையில் வசித்த தெ கொல்மோன் குடும்பத்தாரின் குடிலைப் படக்குழுவினர் உணவகம் என்று தவறாகக் கருதி உணவு கேட்டதாகவும், அவர்களுக்குச் சமைத்துப் போட்டதே ‘கிளப் 55’ உணவகத்தின் தொடக்கமாக அமைந்ததாகவும் கூறப்படுகிறது. பெயரிலுள்ள எண் 1955-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. 1956-இல் படம் வெளியானதும் செயின்ட் ட்ரோபேயின் பெயர் உலகெங்கும் பரவியது. அடுத்தடுத்துப் பல கிளப்புகள் தோன்றின.

கரை சேரும் முறை

பெரிய படகுகள் கரையை நெருங்க இயலாது. பிரான்சில் கரையிலிருந்து 300 மீட்டருக்குட்பட்ட கடற்பகுதியில் வேகம் 5 நாட் அளவைத் தாண்டக் கூடாது. இது மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். கோடைக்காலத்தில் நீராடுவோருக்கான பகுதிகள் மஞ்சள் மிதவைகளால் பிரிக்கப்படுகின்றன. துணைப் படகுகள் கரைக்கு வருவதற்கும் திரும்புவதற்கும் தனிப்பாதைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. நீராடும் பகுதிக்குள் இயந்திரப் படகைச் செலுத்துவது குற்றமாகும்.

சில கிளப்புகள் தமது படகையே அனுப்பிப் பயணிகளை அழைத்து வருகின்றன. கரையில் நீரிலிறங்கி நடக்க நேரிடலாம் என்பதால் முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் இதனை முன்கூட்டியே விசாரித்துக் கொள்வது நலம்.

காற்றும் திட்டத்தை மாற்றக்கூடும். வடமேற்கிலிருந்து வீசும் ‘மிஸ்ட்ரல்’ காற்றிலிருந்து பாம்பெலோன் ஓரளவு காக்கப்பட்டுள்ளது. கிழக்குக் காற்று வீசும் நாள்களிலோ அலை நேராகக் கரையை நோக்கி எழுவதால், துணைப் படகில் இறங்குவது ஆபத்தாகிவிடும். அத்தகைய நாளில் படகின் கேப்டன் பயணத்தை ரத்து செய்தால், முன்பதிவைக் காரணம் காட்டி அவரை வற்புறுத்தக் கூடாது. பாதுகாப்பு குறித்த இறுதி முடிவு அவருடையதே.

முன்பதிவும் செலவும்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெயர்பெற்ற கிளப்புகளில் இடம் கிடைப்பது அரிது. எனவே, வழக்கமாகப் படகின் பணியாளர்களே பயணம் தொடங்கும் முன்னர் மேசைகளை முன்பதிவு செய்கின்றனர். முன்பணம், குறைந்தபட்சச் செலவுத் தொகை, ரத்து செய்வதற்கான காலக்கெடு ஆகியவை கிளப்புக்குக் கிளப் வேறுபடும். மதிய உணவுக்கான முன்பதிவில் சாய்வுப் படுக்கையின் கட்டணம் அடங்கியதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படகின் வார வாடகையில் உணவு, எரிபொருள், துறைமுகக் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் அடங்குவதில்லை. அவற்றுக்காக வாடகையில் 25 முதல் 35 சதவீதம் வரையிலான தொகை முன்பணமாகப் பெறப்பட்டு, பயண முடிவில் கணக்குக் காட்டப்படுகிறது. கிளப்பில் செலவிடும் தொகை இந்த முன்பணத்திலிருந்து கழிக்கப்படுமா, விருந்தினர் நேரடியாகச் செலுத்த வேண்டுமா என்பதை முதல் நாளே முடிவு செய்துகொண்டால் பின்னர் மனக்கசப்பு ஏற்படாது. வாடகைப் படகுகளில் பொதுவாக 12 பயணிகளுக்கு மேல் அனுமதிக்கப்படுவதில்லை. எனவே, கரையில் சந்திக்கும் நண்பர்களைப் படகுக்கு அழைத்துவர எண்ணுவோர் கேப்டனின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

மணல் பொதுச் சொத்து

கிளப்புகள் எவ்வளவு ஆடம்பரமாகத் தோன்றினாலும், அவை விரிக்கும் குடைகளுக்குக் கீழுள்ள கடற்கரை மணல் அரசுக்குச் சொந்தமான பொதுச் சொத்தாகும். 1986 ஜனவரி 3 அன்று இயற்றப்பட்ட பிரான்சின் கடற்கரைச் சட்டம், பொதுமக்கள் தடையின்றியும் கட்டணமின்றியும் பயன்படுத்துவதே கடற்கரைகளின் அடிப்படை நோக்கம் என்று கூறுகிறது. 2006-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிடப்பட்ட அரசாணை, இயற்கையான கடற்கரைகளில் நீளத்திலும் பரப்பிலும் குறைந்தது 80 சதவீதம் எவ்விதக் கட்டுமானமோ பொருள்களோ இன்றி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. கடற்கரை உரிமத்தின் உச்ச காலம் 12 ஆண்டுகள்.

இவ்விதிகளைப் பாம்பெலோனில் நடைமுறைப்படுத்துவது எளிதாக இருக்கவில்லை. பல கிளப்புகள் மணல் மீதே நிலையான கட்டடங்களை எழுப்பியிருந்தன. நீண்ட சட்டப் போராட்டங்களுக்குப் பின், கடற்கரையைச் சீரமைக்கும் திட்டத்துக்கு 2015 டிசம்பரில் அரசு ஒப்புதல் அளித்தது. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு, மணற்குன்றுகளை மீட்கும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. உரிமங்கள் போட்டி முறையில் வழங்கப்பட்டு, எளிதில் கழற்றக்கூடிய கட்டுமானங்களுடன் 2019-ஆம் ஆண்டு புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. கிளப்புகளின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது.

நங்கூரமும் கடற்புல்லும்

பாம்பெலோன் விரிகுடாவின் அடித்தளத்தில் ‘பொசிடோனியா’ எனப்படும் கடற்புல் வெளிகள் உள்ளன. மத்தியதரைக் கடலில் மட்டுமே வளரும் இது பாசி வகையைச் சேர்ந்ததன்று. வேரும் தண்டும் பூவும் காயும் கொண்ட தாவரம். தெளிந்த நீரில் சுமார் 40 மீட்டர் ஆழம் வரை வளரும் இப்புல்வெளி, மீன்களுக்குப் புகலிடமாகவும் பெருமளவு கரியமிலத்தைச் சேமிக்கும் இடமாகவும் விளங்குகிறது. அலைகளின் வேகத்தைத் தணித்துக் கரை அரிப்பையும் இது தடுக்கிறது. இலையுதிர்காலத்தில் கரையில் ஒதுங்கும் இதன் உலர்ந்த இலைக் குவியல்கள் குளிர்காலப் புயல்களிலிருந்து மணலைக் காக்கின்றன. கிளப்புகள் குடை விரிக்கும் மணல் கரையில் நிலைத்திருப்பதில் இப்புல்வெளிக்கும் பங்கு உண்டு.

பெரிய படகு ஒன்றின் நங்கூரமும் கனத்த சங்கிலியும் காற்றின் திசைக்கேற்ப அடித்தளத்தை உழுது, புல்லை வேரோடு பெயர்த்துவிடுகின்றன. பொசிடோனியா ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே படர்வதால், ஒரு பிற்பகலில் ஏற்படும் சேதம் சீராக மிக நீண்ட காலம் பிடிக்கும்.

பிரான்சில் 1988 முதலே இது பாதுகாக்கப்பட்ட தாவரமாகும். எனினும், நங்கூரமிடுதலை நேரடியாகக் கட்டுப்படுத்தும் ஆணை 2019 ஜூன் மாதத்தில்தான் மத்தியதரைக் கடல் பகுதிக்கான கடல்சார் நிர்வாக அதிகாரியால் பிறப்பிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து செயின்ட் ட்ரோபே உள்ளிட்ட பகுதிகளுக்குத் தனித்தனி ஆணைகள் வெளியாயின. இவற்றின்படி 24 மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நீளமுள்ள படகுகள், வரைபடத்தில் குறிக்கப்பட்ட புல்வெளிப் பகுதிகளில் நங்கூரமிட இயலாது. மீறுவோர் மீது அபராதம், சிறைத் தண்டனை ஆகியவற்றுக்குச் சட்டத்தில் இடமுண்டு. புல்வெளிகளின் இருப்பிடத்தைக் காட்டும் ‘டோனியா’ என்ற கைப்பேசிச் செயலியைச் சிறு படகுகளைச் செலுத்துவோரும் பயன்படுத்தி வருகின்றனர்.

பிற நாடுகளில்

ஸ்பெயினின் இபிசா, ஃபோர்மென்டெரா தீவுகளுக்கு இடையேயுள்ள பொசிடோனியா வெளிகள், 1999-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பகுதியில் அடங்கும். பலேரிக் தீவுகளின் தன்னாட்சி அரசு 2018-இல் இப்புல்லைக் காக்கத் தனி ஆணை வெளியிட்டு, அதன் மீது நங்கூரமிடுவதைத் தடை செய்தது.

கிரேக்கத்தில் 2023-ஆம் ஆண்டு கோடையில், பாரோஸ் தீவு மக்கள் கடற்கரை முழுவதையும் சாய்வுப் படுக்கைகள் ஆக்கிரமித்ததை எதிர்த்துப் போராட்டம் நடத்தினர். ‘துண்டு இயக்கம்’ என்று அழைக்கப்பட்ட அது பிற தீவுகளுக்கும் பரவியது. 2024-இல் கொண்டுவரப்பட்ட சட்டம், உரிமம் வழங்கப்படும் கடற்கரைகளில் குறைந்தது பாதிப் பரப்பு பொதுமக்களுக்காகக் காலியாக இருக்க வேண்டும் என்று கூறுகிறது. விதிமீறலைப் புகார் செய்ய அரசே கைப்பேசிச் செயலியை அறிமுகப்படுத்தியது.

பயணிகள் கவனத்திற்கு

பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், கிரேக்கம் ஆகியவற்றுக்குச் செல்ல இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. துருக்கி, மாண்டினீக்ரோ போன்ற நாடுகளின் துறைமுகங்களுக்குச் சென்று திரும்பும் பயணமானால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா பெற்றிருக்க வேண்டும்.

படகை ஒப்பந்தம் செய்யும்போதே அதன் நீளத்தைக் கவனிப்பது பயனளிக்கும். 24 மீட்டருக்குக் குறைவான படகு கரைக்கு அருகில் மணற்பாங்கான இடத்தில் நிற்க வாய்ப்புண்டு. பெரிய படகு தொலைவிலேயே நிற்க நேர்வதால், துணைப் படகில் செல்லும் நேரம் கூடும். அலை மிகுந்த நாளில் அது சிரமம் தரும். கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் முன், அங்கு எந்த இடத்தில் நங்கூரமிடப் போகிறோம் என்று கேப்டனிடம் கேட்பது விருந்தினரின் உரிமையாகும்.

பாம்பெலோனுக்குச் செயின்ட் ட்ரோபேயிலிருந்து சாலை வழியாகவும் செல்லலாம். கிளப்பின் படுக்கைக்கும் உணவுக்கும் மட்டுமே கட்டணம் உண்டு. மணலில் துண்டு விரித்து அமரவோ, கடலில் நீராடவோ யாரும் எதுவும் செலுத்த வேண்டியதில்லை.