ஒளிப்படத் திருத்த மென்பொருள்: தொடக்கநிலையாளரின் தேர்வு

எடுத்த படத்தின் ஒளியையும் நிறத்தையும் சீராக்கவும், ஓரங்களை வெட்டவும், தூசி, கறை போன்ற குறைகளை நீக்கவும், பல படங்களை ஒன்றாக இணைக்கவும் பயன்படும் கணினி, கைபேசி நிரல்கள் ஒளிப்படத் திருத்த மென்பொருள்கள் எனப்படுகின்றன. பிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் முகச்சுருக்கத்தையும் தழும்பையும் மறைத்த ‘டச்சிங்’ வேலை இன்று இவற்றின் ஒரு சிறு பகுதி.

முழு இலவசம், ஒருமுறை விலை, மாதச் சந்தா என மூன்று முறைகளிலும் இவை கிடைக்கின்றன. புதியவர்கள் பெரும்பாலும் விலைப்பட்டியலைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். இலவச நிரல்கள் தொழில்முறை வேலைக்கே ஈடுகொடுக்கும் காலத்தில் அது அவ்வளவு உதவும் அளவுகோலாக இல்லை. பணம் கட்டுவதை நிறுத்தினாலோ, நிறுவனம் அந்த நிரலையே கைவிட்டாலோ, அதுவரை செய்த திருத்தங்கள் யார் கையில் இருக்கும் என்று கேட்டுப் பார்த்தால் நிரல்களுக்கிடையே உள்ள வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

விலை வந்த வழி

1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் நோல், தன் மெக்கின்டாஷின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறப் படிகளைக் காட்ட ஒரு நிரல் எழுதினார். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களுக்குக் காட்சி உத்திகள் செய்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் வேலை பார்த்த அவருடைய தம்பி ஜான், அதை முழுமையான படத்திருத்த நிரலாக வளர்க்கத் தூண்டினார். அடோபி நிறுவனம் 1988இல் உரிமம் பெற்று, 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் என்ற பெயரில் அதை வெளியிட்டது. படத்தின் பகுதிகளைத் தனித்தனி அடுக்குகளாக வைத்துக்கொள்ளும் ‘லேயர்’ வசதி 1994இல் மூன்றாம் பதிப்பில் வந்தது. இன்று பல திருத்த நிரல்களில் கண்ணில் படும் லேயர் பட்டியல் அந்த மரபைச் சேர்ந்தது.

பெட்டியில் விற்ற நிரலை ஒருமுறை வாங்கினால் கணினி உழைக்கும்வரை பயன்படுத்தலாம். 2013 மே மாதம் அடோபி இந்த முறையைக் கைவிட்டு, இனிப் புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டுமே என்று அறிவித்தது. ஒளிப்படக்காரர்களின் எதிர்ப்பைத் தணிக்க, ஃபோட்டோஷாப்பும் தன் இன்னொரு திருத்த நிரலான லைட்ரூமும் சேர்ந்த தொகுப்பை அதே ஆண்டில் மாதம் 9.99 டாலருக்குக் கொடுத்தது. சிறு தொகைதான். ஆனால் அந்த விலைக்கே ஐந்தாண்டுக் கணக்குப் போட்டால் 600 டாலரைத் தொடும், முடிவில் கையில் எதுவும் சொந்தமாக நிற்காது. சந்தா முடிந்த பிறகும் லைட்ரூம் கிளாசிக்கைத் திறந்து படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். தொடக்கநிலையாளருக்கென்றே 2001 முதல் ஒருமுறை விலைக்கு விற்றுவந்த ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸ்கூட, 2025 என்ற பெயர்கொண்ட பதிப்பிலிருந்து மூன்றாண்டு உரிமமாகச் சுருங்கிவிட்டது.

கோப்பின் தன்மை

தேர்வு நிரலில் தொடங்குவதைவிடக் கோப்பில் தொடங்குவது நல்லது. பல கைபேசிகளும் பெரும்பாலான கேமராக்களும் தாமாகச் சேமிப்பது ஜேபெக். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள். வெண்சமநிலை, கூர்மை, நிறச்செறிவு எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்து, மீதித் தகவலை வீசிவிட்டிருக்கும். ‘ரா’ கோப்பில் உணரி பதிவுசெய்த தகவல் அப்படியே இருக்கிறது. 14 பிட் என்றால் 16,384 படிகள். ஜன்னலுக்கு எதிரே நின்றவரின் முகம் இருண்டுபோன படத்தை ‘ரா’விலிருந்து மீட்க முடியும். ஜேபெக்கில் அதே வேலையைச் செய்தால் நிழல் பகுதியில் புள்ளிகளும் பட்டைகளும் தலைகாட்டும்.

நிரல்களும் இதையொட்டி இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன. ஃபோட்டோஷாப், கிம்ப் போன்றவை அடிப்படையில் பிக்சல்களையே மாற்றுபவை. லேயர், வெட்டி ஒட்டுதல், எழுத்துச் சேர்ப்பு ஆகியவை இவற்றின் பலம். லைட்ரூம், டார்க்டேபிள் போன்றவை மூலக் கோப்பைத் தொடுவதே இல்லை. ‘வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இந்த ஓரத்தை வெட்டு’ என்ற கட்டளைகளைத் தனியே குறித்துவைத்து, படத்தை வெளியே எடுக்கும்போது மட்டும் அவற்றைச் செயல்படுத்துகின்றன. ஒரு கல்யாணத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஒரே நிறத்திருத்தம் செய்ய இரண்டாவது குடும்பமே ஏற்றது. ஒரே ஒரு படத்தில் மணமக்களின் பின்னால் தொங்கும் மின்கம்பியை நீக்க முதலாவது கைகொடுக்கும். புதியவருக்கு வேண்டியவை பெரும்பாலும் வெட்டுதல், சாய்வைச் சரிசெய்தல், வெளிச்சம், வெண்சமநிலை, தூசி நீக்கம், அளவு மாற்றம் ஆகியவைதாம். இவை இரண்டு குடும்பங்களிலும் உண்டு. லேயர் தெரிந்தால்தான் திருத்தம் தெரியும் என்பது ஸ்டூடியோப் பேச்சு, நம்ப வேண்டியதில்லை.

கேமராவோடு வருபவை

இந்தப் பேச்சில் பெரும்பாலும் மறந்துபோகும் வகை ஒன்று உண்டு. கேமரா நிறுவனங்களே தம் ‘ரா’ கோப்புகளைத் திறக்க இலவச நிரல் தருகின்றன. கேனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிகானுக்கு 2021இல் வந்த என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். வேகம் குறைவு, தோற்றமும் பழையபாணி. ஆனாலும் கேமராவின் பின்திரையில் பார்த்த நிறத்தை அப்படியே கணினியில் காட்டுவதில் வேறு நிரல்கள் இவற்றை எளிதில் எட்டுவதில்லை. ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ் ரா ஸ்டூடியோ இன்னும் விசித்திரமானது. கேமராவை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்துவிட்டால், கணக்குகளைப் போடுவது கேமராவுக்குள் இருக்கும் செயலி. கணினி பழையதாக இருந்தாலும் கவலையில்லை. படம் எந்த மாடலில் எடுத்ததோ அதே மாடல் கேமரா மட்டும் கையில் இருக்க வேண்டும். புதிதாகக் கேமரா வாங்கியவர் வேறெதற்கும் பணம் கட்டுமுன் ஒரு மாதம் இவற்றோடு பழகிப் பார்ப்பது சரியான தொடக்கம்.

கிம்ப்

இலவச நிரல்களில் பழையதும் மிகுதியாகப் பேசப்படுவதும் கிம்ப். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் ஆகிய இரு மாணவர்கள் 1995இல் அதைத் தொடங்கினர். அவர்கள் சேர்ந்திருந்த மாணவர் கணினிக் குழுவின் பெயரான எக்ஸ்பெரிமென்டல் கம்ப்யூட்டிங் ஃபெசிலிட்டியின் முதலெழுத்துகளே கிம்ப்பின் எக்ஸ்.சி.எஃப் கோப்பு வடிவில் இன்றும் இருக்கின்றன. 1996இல் பொதுமக்களுக்கு வந்தது, 1998இல் 1.0 ஆனது. அந்த நிரலுக்காக எழுதிய பொத்தான், பட்டியல் போன்ற திரைக் கூறுகளின் தொகுப்பான ஜிடிகே பின்னர் தனியே வளர்ந்து, லினக்ஸின் க்னோம் திரைச்சூழலுக்கே அடித்தளமாயிற்று. படத்திருத்தத்தைவிட அந்தத் துணைவிளைவு பெரியது என்று வாதிடுவோரும் உண்டு. படிப்பு முடிந்ததும் தொடக்கியவர்கள் இருவரும் விலகிவிட்டார்கள். நிரல் நின்றுபோகாததற்குக் காரணம் அதன் ஜிபிஎல் உரிமம்: மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருந்ததால் வேறு கைகள் எடுத்து நடத்தின.

வளர்ச்சி மெதுவானதுதான். சிதறிக் கிடந்த பல சாளரங்களை ஒரே சாளரத்தில் அடக்கும் வசதிக்கு 2012இன் 2.8 பதிப்புவரையும், 8 பிட்டுக்கு மேற்பட்ட நிறத்துல்லியத்துக்கு 2018இன் 2.10 பதிப்புவரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் விளைவுகளைப் பிறகு திரும்பவந்து மாற்றிக்கொள்ளும் முறை கிடைத்தது. ‘ரா’ கோப்பைக் கிம்ப் தானாகத் திறக்காது; டார்க்டேபிள் அல்லது ராதெரபி கணினியில் இருந்தால் அவற்றின் வழியாகத் திறக்கும்.

புதியவர்களைத் திணறவைப்பது சேமிக்கும் முறை. ‘சேமி’ என்றால் எக்ஸ்.சி.எஃப் மட்டும்தான், ஜேபெக் வேண்டுமென்றால் ‘ஏற்றுமதி’ என்ற தனிக் கட்டளை. எரிச்சலூட்டும் ஏற்பாடு என்று பலரும் குறைசொல்கிறார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது: லேயர்கள் உள்ள மூலம் ஒருபக்கம் பத்திரமாக இருக்கும், மீண்டும் மீண்டும் ஜேபெக்கில் சேமித்துத் தரம் இழக்கும் பழக்கமும் வராது.

இந்த நிரலைத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும் என்று வலியுறுத்த வரலாறே காரணம் தருகிறது. விண்டோஸ் பதிப்பைச் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற தளத்தில் வைத்திருந்தவர்கள், அங்கு வரும் ஏமாற்று விளம்பரங்கள் பிடிக்காமல் 2013இல் வெளியேறினர். 2015இல் அதே தளம் அவர்களுடைய பழைய பக்கத்தைக் கைப்பற்றி, நிறுவியோடு விளம்பர நிரல்களைச் சேர்த்துத் தந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே நிறுத்தியது. இலவச நிரலின் பெயரைத் தேடும்போது முதலில் வருவதைச் சொடுக்குவோர் இன்றும் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள்.

பிற நிரல்கள்

‘ரா’வோடு வேலை செய்வோருக்கு, யோஹானஸ் ஹனிகா 2009இல் தொடங்கிய டார்க்டேபிள் லைட்ரூமுக்கு நேரான இலவச மாற்று. திருத்தக் கட்டளைகளைப் படத்தின் பக்கத்திலேயே எக்ஸ்.எம்.பி என்ற சிறு கோப்பாக எழுதிவைப்பதால், கோப்புறையை நகலெடுத்தால் உழைப்பும் கூடவே வந்துவிடும். கற்பது கடினம். அறிவியல் கருவிபோல நிறைய விசைகள். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ளவே சில வாரங்கள் ஆகும். 2010இல் திறந்தமூலமாக மாறிய ராதெரபி அதைவிடச் சற்று எளிது.

பிரிட்டனின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த செரிஃப் நிறுவனம் 2015இல் அஃபினிட்டி ஃபோட்டோவை 49.99 டாலருக்கு, சந்தா இல்லாமல் விற்கத் தொடங்கியது. அடோபியின் மேல் கோபத்தில் இருந்தவர்களுக்கு அது புகலிடம். 2024இல் கேன்வா அந்த நிறுவனத்தை வாங்கியது. 2025 அக்டோபரில் அஃபினிட்டி இலவசமாயிற்று. செயற்கை அறிவு வசதிகளுக்கு மட்டும் கேன்வாவின் கட்டணத் திட்டம் வேண்டும். வலிமையான நிரல், நுழையக் கேன்வா கணக்கு கட்டாயம். திறந்தமூலம் அல்லாததால் நாளைய ஏற்பாடு நிறுவனத்தின் விருப்பம்.

ஃபோட்டோபீ உலாவியிலேயே இயங்கும். நிறுவ வேண்டியது எதுவுமில்லை, ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி கோப்புகளையும் திறக்கும். இவான் குட்ஸ்கிர் என்ற ஒரே ஆள் எழுதி வளர்த்த நிரல் இது என்பதை நம்புவது கடினம். விளம்பரத்தால் நடக்கிறது, படம் வெளிச் சேவையகத்துக்குப் போகாமல் நம் கணினியிலேயே திருத்தப்படுகிறது. விண்டோஸில் மட்டும் ஓடும் பெயின்ட்.நெட், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் திட்டமாக 2004இல் பிறந்தது. பழைய கணினிக்கு அதுவே இலேசு. கைபேசியில் மட்டும் வேலை செய்வோருக்கு, கூகுள் 2012இல் வாங்கிய ஸ்னாப்சீட் விளம்பரமும் கட்டணமும் இல்லாமல் கிடைக்கிறது.

பிக்காசா என்ற பெயர் பலருக்கு நினைவிருக்கும். இலவசம், எளிமை, மூலப்படத்தைக் கெடுக்காத திருத்தம் என அனைத்தும் இருந்தன. 2004இல் கூகுள் கைக்குப் போன அந்த நிரல் 2016இல் கைவிடப்பட்டது. திருத்தங்கள் அதற்கே உரிய சிறு குறிப்புக் கோப்புகளில் இருந்ததால், சேமித்து வெளியே எடுக்காதவர்களுக்கு மற்ற நிரல்களில் கிடைத்தது திருத்தாத மூலம் மட்டும்.

நினைவகத் தேவை

24 மெகாபிக்சல் படம் ஒன்றை 16 பிட்டில் திறந்தால், ஒரு லேயருக்கே ஏறத்தாழ 144 மெகாபைட் நினைவகம் பிடிக்கும். பத்து லேயர் சேர்ந்தால் 4 ஜிபி கணினி மூச்சுவாங்கும். பெரிய நிரலுக்குப் பணம் கட்டுவதைவிட நினைவகத்தை 8 அல்லது 16 ஜிபியாக உயர்த்துவது பல சமயங்களில் பயன் தரும் செலவு.

தமிழ் எழுத்தும் அச்சும்

படத்தின் மேல் தமிழ் வரி சேர்ப்பவருக்கு ஒரு தனிச் சிக்கல். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகள் யூனிகோடு தமிழைச் சரியாகக் கோக்காமல், கொம்பும் காலும் தனித்தனியே சிதறவிட்டன. அழைப்பிதழ், ஃபிளெக்ஸ் வடிவமைப்பவர்கள் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களிலேயே நிலைத்துப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இப்போதைய ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்பை மாற்றிக்கொண்டால் யூனிகோடு சரியாக வரும். கிம்ப், ஹார்ஃப்பஸ் என்ற திறந்தமூல எழுத்துக்கோப்பு நிரலைப் பயன்படுத்துவதால் தனி அமைப்பு எதுவும் இல்லாமலே தமிழைச் சரியாகக் காட்டுகிறது. அஃபினிட்டியின் முந்தைய பதிப்புகள் இந்த இடத்தில் சறுக்கின. எந்த நிரலானாலும் ‘கொடுத்தோம்’, ‘ஸ்ரீ’ என்று தட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அளவுக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அச்சுத் தரத்தில், 35 × 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்துக்கு 413 × 531 பிக்சலும், ஏ4 தாளுக்கு 2480 × 3508 பிக்சலும் போதும். தேர்வு விண்ணப்பங்கள் கேட்கும் கிலோபைட் வரம்புக்குள் படத்தை அடக்க, முதலில் பிக்சல் அளவைக் குறைத்துவிட்டுப் பிறகு ஜேபெக் தரத்தைக் குறைக்க வேண்டும். வரிசை மாறினால் முகம் கட்டம் கட்டமாக உடையும்.

ஆல்பம், ஒளிப்பட அச்சு செய்யும் லேப்கள் எஸ்.ஆர்.ஜி.பி நிறவெளியில் உள்ள ஜேபெக்கையே பொதுவாக ஏற்கின்றன; மேற்சொன்ன எல்லா நிரல்களும் அதைத் தரும். ஆஃப்செட் அச்சகம் சி.எம்.ஒய்.கே என்ற அச்சு நிறமுறையைக் கேட்கும். கிம்ப்பில் அந்த நிறமுறையிலேயே நேரடியாக வேலை செய்ய முடியாது. அச்சில் எப்படி வரும் என்ற முன்னோட்டமும், சில வடிவங்களில் சி.எம்.ஒய்.கே ஏற்றுமதியும் மட்டும் 3.0இல் உண்டு. அஃபினிட்டியும் ஃபோட்டோஷாப்பும் அதை முழுமையாகச் செய்கின்றன. எப்போதாவது ஓர் அழைப்பிதழ் அச்சிடுபவர், நிறமாற்றத்தை அச்சகத்தாரிடமே விட்டுவிட்டு ஒரு மாதிரித் தாளைப் பார்த்து ஒப்புதல் தருவது வழக்கம்.