ஆலோசகர் உரிமத் தேர்வும் கொள்குறி வினா உத்திகளும்

வினாவோடு சில விடைகளையும் தந்து, சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொள்குறி வினா. அமெரிக்கக் கல்வியாளர் ஃபிரெடரிக் கெல்லி 1915-இல் வெளியிட்ட கான்சஸ் மௌன வாசிப்புத் தேர்வு இதன் தொடக்கமாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. திருத்துபவருக்குத் திருத்துபவர் மதிப்பெண் வேறுபடுவதைத் தவிர்ப்பதே அவர் நோக்கம். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினரின் நுண்ணறிவைச் சோதிக்க இம்முறை பெருமளவில் பயன்பட்டது. 1938-இல் பென்சில் குறிகளை மின்சாரத்தால் கண்டறியும் ஐ.பி.எம். 805 இயந்திரம் வந்தது. அதற்கு வித்திட்ட ரெனால்ட் ஜான்சன் முன்னர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். விடைத்தாள் திருத்திய எவருக்கும் இதில் வியப்பிராது.

அமெரிக்காவில் ஆலோசகர்களுக்கு முதலில் உரிமச் சட்டம் இயற்றியது வர்ஜீனியா மாநிலம் (1976). 1982-இல் சான்றளிப்புக்கான தேசிய வாரியம் தோன்றியது. அடுத்த ஆண்டே தேசிய ஆலோசகர் தேர்வு நடத்தப்பட்டது. பின்னர்ப் பல மாநிலங்கள் இதையே உரிமத் தேர்வாக ஏற்றன. இருநூறு வினாக்களில் 160-க்கு மட்டுமே மதிப்பெண் உண்டு. மற்றவை வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை அவை என்று எழுதுபவருக்குத் தெரியாது. ஆகவே, புரியாத ஒரு வினாவில் நெடுநேரம் முடங்கிக் கிடப்பது வீண்.

தவறான விடைக்கு இத்தேர்வில் மதிப்பெண் குறைப்பதில்லை. எனவே எந்த வினாவையும் விடாமல் எழுதுவதே முறை. இதை எல்லாத் தேர்வுக்கும் பொதுவிதியாகக் கொள்ளக் கூடாது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 2016 வரை, ஐந்து விடைகள் கொண்ட வினாவில் தவறு ஒன்றுக்குக் கால் மதிப்பெண் குறைக்கப்பட்டது. அங்கே கண்மூடி ஊகித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையையாவது தவறென உறுதியாக விலக்க முடிந்தால்தான் ஊகம் பயன் தரும்.

“முதலில் தோன்றிய விடையை மாற்றாதே” என்பது ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் அறிவுரை. அது பெரும்பாலும் தவறு. 1984-இல் லூடி பெஞ்சமினும் உடனாய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, மாற்றங்களில் பெரும்பாலானவை தவறிலிருந்து சரிக்கே சென்றிருந்தன. பின் ஏன் இந்நம்பிக்கை மறையவில்லை? சரியாக எழுதியதை மாற்றிக் கெடுத்த வருத்தமே நினைவில் ஆழப் பதிகிறது என்று ஜஸ்டின் க்ரூகர் முதலியோர் 2005-இல் விளக்கினர். மாற்றுவதற்குக் காரணம் இருக்க வேண்டும். வெறும் பதற்றம் காரணமாகாது.

ஆலோசகர் தேர்வுக்கே உரிய சிக்கல் வேறு. நான்கு விடைகளுமே நல்லவையாகத் தோன்றும். “முதலில்”, “மிகப் பொருத்தமான” என்னும் சொற்களே முடிவு செய்யும். தற்கொலை எண்ணத்தை வெளியிடுபவரிடம் ஆலோசகர் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், குடும்பத்தாரை அழைப்பது, வேறொருவரிடம் அனுப்புவது ஆகியவற்றுக்கு முன், ஆபத்தின் அளவை நேரடியாகக் கேட்டறிவதே விடை. இதை விலக்கல் முறையால் மட்டும் கண்டுபிடிக்க இயலாது. தொழிலின் ஒழுங்கைக் கற்றிருக்க வேண்டும்.

இக்குறையை ஈடுசெய்யவே மருத்துவ மனநல ஆலோசகர் தேர்வில் வேறு முறை இருந்தது. ஒவ்வொரு தெரிவுக்கும் பிறகு நோயாளி பற்றிய புதிய செய்தி திறக்கும். பொருந்தாத தெரிவுக்கு மதிப்பெண் குறையும். 2022-இல் அதுவும் மாற்றப்பட்டு, நோயாளி வரலாற்றைப் படித்துக் கொள்குறி வினாக்களுக்கு விடையளிக்கும் வடிவம் பெற்றது.