துணைச் செயலி யாருக்குச் சொந்தம்?

மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960இல் பணியில் ஈடுபடுத்தப்பட்டது டிஃப்ராக் கணினி. அதை வடிவமைத்த குழுவின் தலைவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். 2,700 வெற்றிடக் குழாய்களும், 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்களைத் தாங்கும் நினைவகமும் கொண்ட அந்த எந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். பதிவகங்களில் உள்ள எண்கள் யாருடையவை என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஒரு செயலியைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி பிறந்தது.

1980இல் இன்டெல் 8087 என்னும் துணைச் செயலியை வெளியிட்டது. பின்ன எண்களைக் கணக்கிடுவதே அதன் வேலை. முதன்மைச் செயலியின் அருகில் தனிச் சில்லாக அமர்ந்த அதற்கு 80 பிட் அகலமுள்ள எட்டுப் பதிவகங்கள் இருந்தன. கெர்னல் ஒரு நிரலை நிறுத்தி மற்றொன்றை ஓட்டும்போது இந்த எட்டையும் நினைவகத்தில் எடுத்து வைக்க வேண்டும். தவறினால் முதல் நிரலின் கணக்கில் இரண்டாவதின் எண்கள் கலந்துவிடும். அப்போது கணினி நிற்காது, பிழைச் செய்தியும் வராது. விடை மட்டும் தவறாக இருக்கும்.

ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எடுத்து வைப்பது வீண் செலவு. பெரும்பாலான நிரல்கள் பின்ன எண்களைத் தொடுவதே இல்லை. 1982இல் வந்த 80286 இதற்கு ஒரு பிட்டைத் தீர்வாகத் தந்தது. நிரல் மாறியதும் அந்தப் பிட் பூட்டப்படும். புதிய நிரல் துணைச் செயலியைத் தொட்டால் கட்டுப்பாடு கெர்னலிடம் செல்லும். கெர்னல் பழைய எண்களைப் பத்திரப்படுத்தி, புதியவரின் எண்களை ஏற்றி, பூட்டைத் திறக்கும். தொடாத நிரலுக்குச் செலவே இல்லை. பின்னாளில் இதற்குச் 'சோம்பல் முறை' என்று பெயர் நிலைத்தது.

செலவு எவ்வளவு உயரக்கூடும் என்பதை 1989இல் வந்த இன்டெல் ஐ-860 காட்டியது. செம்பூரைத் தாண்டி டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'அனுபம்' இணைக் கணினியின் முதல் வடிவங்கள் இந்தச் செயலியைக் கொண்டே அமைந்தன. கணக்கில் அது வேகமானது. ஆனால் பாதி முடிந்த கணக்குகள் அதன் குழாய்த்தொடரில் நிற்கும். குறுக்கீடு வந்தால் அவற்றை மென்பொருளே வெளியேற்றி, பிறகு மீண்டும் நிரப்ப வேண்டும். மோசமான நிலையில் ஒரு மாற்றத்துக்கு ஏறத்தாழ 2,000 சுழற்சிகள் ஆகும் என்று மதிப்பிடப்பட்டது.

அடுத்த சிக்கல் கெர்னலுக்கே துணைச் செயலி தேவைப்பட்டபோது எழுந்தது. வட்டுத் தொகுப்புகளின் சரிபார்ப்பு, குறியாக்கம் போன்ற வேலைகள் அகன்ற பதிவகங்களில் விரைவாக முடியும். ஆனால் அங்கிருப்பவை பயனர் நிரலின் எண்கள். ஆகவே லினக்ஸ் ஒரு ஒழுங்கை வகுத்தது: தொடங்கும் முன் 'கெர்னல் எஃப்பியூ பிகின்', முடிந்ததும் 'கெர்னல் எஃப்பியூ எண்ட்'. முதல் அழைப்பு பயனரின் எண்களைப் பத்திரப்படுத்தும். இரண்டுக்கும் இடையே கெர்னல் உறங்கக் கூடாது. உறங்கினால் வேறொரு நிரல் உள்ளே வரும். கெர்னலின் எண்களைக் காப்பாற்ற ஆள் இருக்காது.

2018 ஜூனில் சோம்பல் முறையின் மறுபக்கம் வெளிப்பட்டது. பூட்டு விழுந்திருந்தாலும், ஊகித்து முன்னோடும் இன்டெல் செயலிகள் முந்தைய நிரலின் பதிவகங்களைப் படித்துவிட்டன. குறியாக்கச் சாவிகள் கசியக்கூடும் என்று தெரிந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் எண்களை உடனுக்குடன் மாற்றுவதே தீர்வு. லினக்ஸ் வேறு காரணங்களுக்காக 2016இலேயே அதை இயல்பு முறையாக ஏற்றிருந்தது.

அதே 2018இல் சென்னை ஐஐடியின் 'சக்தி' செயலியில் லினக்ஸ் இயங்கியது. சக்தி பின்பற்றும் ரிஸ்க்-ஐந்து கட்டமைப்பில் இந்தக் கேள்விக்கு இரண்டு பிட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. மூடியது, புதியது, மாறாதது, மாறியது என நான்கு நிலைகள். 'மாறியது' என்றிருந்தால் மட்டும் எடுத்து வைத்தால் போதும். இந்தக் கட்டமைப்பில் லினக்ஸ், பயனர் நிரலிலிருந்து கெர்னலுக்குள் நுழையும்போதே அந்தப் பிட்டுகளை 'மூடியது' என்று ஆக்கிவிடுகிறது. கெர்னலின் ஏதேனும் ஒரு பகுதி அனுமதியின்றிப் பின்ன எண்ணைத் தொட்டால் அங்கேயே பிடிபட வேண்டும் என்பதற்காக. கெர்னல் தன் மீதே போட்டுக்கொண்ட பூட்டு இது.

துணைச் செயலி 1989இல், 80486இன் காலத்திலேயே, முதன்மைச் சில்லுக்குள் குடியேறிவிட்டது. சொல் மட்டும் இன்னும் வெளியேறவில்லை. 32 பிட் ஆர்ம் செயலிகளில் பின்ன எண் அலகைத் திறக்க, 10, 11 என்ற எண்ணுள்ள துணைச் செயலிகளுக்கு அனுமதி தர வேண்டும். அந்த எண்களில் தனிச் சில்லு எதுவும் கிடையாது. அனுமதியைத் தாங்கும் இடத்தின் பெயர் இன்றும் 'துணைச் செயலி அணுகல் கட்டுப்பாட்டுப் பதிவகம்'. பொருள் மறைந்த பிறகும் சொல் நிற்பது மொழிகளில் வழக்கம்தான். இங்கே சொல்லோடு சேர்ந்து, உள்ளே இருக்கும் எண்கள் இன்னொருவருடையவை என்ற எச்சரிக்கையும் நிற்கிறது.